மச்சாள் ஊதிய காற்று

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் உயிரியல் படிப்பிக்கிறேன். வைரசுப் பாடம் வந்தால் பலகையில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிவர முள் வைத்து, உள்ளே ஒரு சுருளும் கீறிவிட்டு, "இது உயிருள்ளதோ, உயிரில்லாததோ?" என்று கேட்பேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிப்பார்கள். மணி அடிக்கும்வரை எனக்கும் நல்ல பொழுதுபோக்கு. இனி அந்தக் கேள்வியைக் கேட்பேனோ தெரியாது. அந்த வட்டமும் முள்ளும் என் மகனின் நெஞ்சுக்குள் என்ன செய்தன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன்.

கவினுக்கு இப்போது சுகம். இதை எழுதும்போது அறைக்குள் கிடந்து தன் கையைத் தானே சப்புகிற சத்தம் கேட்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். எழுதப்போனால் பாதி மச்சாளைப் பற்றியதாகப் போகிறது. அவரை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, தவமலர். வட்டுக்கோட்டையில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிறார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லிச் சிரிப்பார். தாய் வேளைக்கே செத்துப்போனதால் என் கணவரைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். குடும்பத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் லீவு போட்டுவிட்டு வந்து நின்று குளிக்க வார்ப்பார். என் மூத்தவள் யாழினிக்கும் அவர்தான் வார்த்தார். நான்கு வருடம் கழித்துக் கவின் பிறந்ததும், தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஒரு பையோடு வந்து இறங்கிவிட்டார்.

அவர் குளிக்க வார்ப்பதை நின்று பார்க்கவேண்டும். பலகைக்கட்டையில் இருந்து இரண்டு காலையும் நீட்டி, காலின் மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தடவி, கை கால் பிடித்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை உள்ளங்கையால் தடுத்துத் தடுத்து ஊற்றுவார். பிள்ளை அழாது. முகம் துடைத்த பிறகு கடைசியாக ஒரு வேலை உண்டு. ஒரு காது, மற்றக் காது, பிறகு இரண்டு மூக்குத் துவாரம் என்று வாயைக் கிட்டக் கொண்டுபோய் 'பூ' என்று ஊதுவார். உள்ளே போன தண்ணீரும் சளியும் வெளியே வரவேண்டுமாம். எங்கள் பக்கத்து வீடுகளில் இது புதினம் இல்லை. என்னையும் அப்படித்தான் ஊதி வளர்த்திருப்பார்கள்.

"காத்தை உள்ளுக்கு ஊதினால் தண்ணி எப்பிடி மச்சாள் வெளியாலை வரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உம்மடை படிப்பை உங்கை ஒரு பக்கத்திலை வையும். ஊதாத பிள்ளை மூக்குச் சளியோடைதான் திரியும்" என்றார்.

கவினுக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. துவாய் முகத்தை விட்டு எடுபட்டதும் கண்ணை இறுக்கி மூடி, மூக்கைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். ஊதி முடிந்ததும் வாயைத் திறந்து பெரிய மனிசர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவான். அதைப் பார்க்கவென்றே என் கணவர் கடைக்குப் பிந்திப் போவார். இவருக்குத் தோட்டங்களுக்கு நீர் இறைக்கிற மிசின்கள் திருத்துகிற கடை.

மழைக்காலம் தொடங்க, யாழினி முன்பள்ளியில் இருந்து மூக்கு ஒழுக ஒழுக வந்தாள். வந்த கையோடு தம்பியைக் கொஞ்சப் போனவளை நான் பிடித்து இழுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் இழுப்பது? பிறகு மச்சாளுக்குத் தொண்டை கரகரத்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வெறும் சளித் தடிமல். தடிமலை எங்கள் ஊரில் யார் நோய், வருத்தம் என்று சொல்வார்கள்? கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஆனால் அவர் கவனமில்லாதவர் அல்ல. அதை நான் அடித்துச் சொல்வேன். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமாய்க் கிடந்த மாஸ்க்கைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட்டார். எண்ணெய் பூசும்போது மாஸ்க், தண்ணீர் வார்க்கும்போது மாஸ்க், துடைக்கும்போதும் மாஸ்க். எல்லாம் முடிந்து ஊதுகிற நேரம் வந்ததும் மாஸ்க்கை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு, இரண்டு மூக்கிலும் ஊதிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டு பார்த்தேன். மாஸ்க் கீழே போய் மேலே வந்தது என் கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை. குளிப்பாட்டினால் ஊதத்தானே வேண்டும்.

முதலில் கவினுக்கு மூக்கடைப்பு. அடுத்த நாள் பால் குடிக்க மாட்டேன் என்றான். இரண்டு இழுவை இழுப்பான், விட்டுவிட்டு அழுவான், அழவும் மூச்சுக் காணாது. கைக்குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பாலும் மூச்சும் ஒன்றாகச் சரிவராது. தடிமல்தானே என்று நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். உடுப்பு மாற்றச் சட்டையைக் கழற்றியபோதுதான் கண்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்து போனது. தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

இதை வாசிக்கிறவர்கள் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். தடிமல் பிடித்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் சுடுகிறதோ என்று நெற்றியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு இருக்காதீர்கள். சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள். நெஞ்சு குழிந்தால், பால் பாதியாகக் குறைந்தால், உடனே கொண்டு ஓடுங்கள்.

நாங்கள் ஓடினோம். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பார்த்த உடனேயே ஒட்சிசன் பிடித்து, அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மச்சாளும் ஏறி வந்தார். வழி முழுக்க ஒரு கையால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மாஸ்க்கை இறக்கவே இல்லை.

பிள்ளைகள் வாட்டில் பெரிய டொக்டர் ஒரு பெண். வேகமான பேச்சு, மெதுவான கை. கவினின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்ததைச் சோதிக்க அனுப்பினார்கள். வந்த பெயர் ஆர்.எஸ்.வி. நான் படிப்பித்த பாடத்தில் அது ஒரு வரிகூட இல்லை. ஆனால் இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருதரமாவது வந்து போகிற வைரசு அது என்று டொக்டர் சொன்னார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகி, இருமி, மாறிவிடும். மாதக் கணக்கில் வயதுள்ள சில குழந்தைகளுக்கு மட்டும் கீழே இறங்கிவிடும்.

கீழே என்றால் நுரையீரலுக்குள். மூச்சுக்குழாய் மரம் மாதிரிக் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும். கடைசிச் சிறு குழாய்கள் கைக்குழந்தைக்கு நூல் தடிப்புத்தான் இருக்கும். இந்த வைரசு அந்தக் குழாய்களின் உட்புற உயிர்க்கலங்களில் போய் ஒட்டும். அதன் முட்களில் ஒரு வகை ஒட்டுவதற்கு, இன்னொரு வகை உருக்கிச் சேர்ப்பதற்கு. வைரசின் உறையும் கலத்தின் உறையும் ஒன்றாகி அது உள்ளே போய்விடும். பிறகு பிடிபட்ட கலம் பக்கத்துக் கலத்தோடு ஒன்றாகும், அது அடுத்ததோடு ஒன்றாகும். எல்லைச் சுவர் இல்லாமல் பல கலங்கள் ஒரே பெரிய கலமாகிப் பிறகு செத்து உதிரும். சளியை மேலே தள்ளுகிற மயிரிழைகளும் அந்தக் கலங்களோடு போய்விடும். செத்த கலமும் சளியும் வீக்கமும் சேர்ந்து அந்த நூல் குழாயை அடைத்துவிடும். உள்ளே இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரிவதால் காற்றுப் போகும். வெளியே விடும்போது சுருங்குவதால் காற்று வராது.

இதை நான் இவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது இடையில் மறித்தார்.

"புட்வால்வ் மாதிரி" என்றார். கிணற்றுக்குள் குழாயின் அடியில் பூட்டுகிற வால்வு அது. தண்ணீரை மேலே விடும், திரும்ப இறங்க விடாது.

"ஓம், அப்பிடித்தான்."

"அப்ப அதைக் கழட்டித் துடைக்க ஏலாதோ?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

கழற்றித் துடைக்க முடியாது என்பதுதான் இந்த வருத்தத்தின் கொடுமை. இது கிருமியை அன்டிபயோடிக்கால் கொல்கிற கதை அல்ல. வைரசுக்கு அது கேட்காது. டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மருந்து இருக்கெண்டு நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். ஒட்சிசன் குடுப்பம், சளியை உறிஞ்சி எடுப்பம், பால் உள்ளை போகச் செய்வம். மிச்சத்தை அவன்ரை உடம்புதான் செய்யவேணும். இன்னும் உச்சத்துக்கு வரேல்லை. மாறுறதுக்கு முன்னம் இன்னும் கொஞ்சம் கூடும். பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லமாட்டன், ஆனால் நாங்கள் பாத்துக்கொண்டிருப்பம்."

பிறகு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டார். "வீட்டிலை ஆருக்கும் தடிமலோ?"

மச்சாள் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றே சொன்னார். "எனக்கு. நான்தான் குளிக்க வாக்கிறனான். மாஸ்க் போட்டுத்தான் வாத்தனான் டொக்டர். ஊதேக்கை மட்டும் இறக்கினனான்."

"என்னத்தை ஊதினனீங்கள்?"

"மூக்கை."

டொக்டர் ஏசவில்லை. இனி ஊதவேண்டாம், தடிமல் இல்லாத நாளிலும் வேண்டாம், துணியால் ஒற்றி எடுத்தால் காணும் என்றார். இந்த வைரசு மூக்காலும் கண்ணாலும்தான் உள்ளே போவது, ஒருதரம் வந்தால் திரும்ப வராது என்றும் இல்லை, வளர்ந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும், வந்தால் வெறும் தடிமலாகத்தான் இருக்கும் என்றார். கையில் கொஞ்ச நேரமும் மேசையிலும் விளையாட்டுச் சாமானிலும் சில மணித்தியாலமும் கிடக்கும், சவர்க்காரம் போட்டால் அதன் கொழுப்பு உறை கரைந்து செத்துவிடும் என்றார். "ஆரிட்டை இருந்து வந்தது எண்டு தேடிப் பிரயோசனமில்லை அம்மா" என்று மச்சாளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மச்சாள் அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் வாட்டுக்குள் வருவதில்லை. வெளி விறாந்தை வாங்கில் இருந்துகொண்டு, சுடுதண்ணீர் வேண்டுமா, துணி துவைக்கவேண்டுமா என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கையால் கேட்பார். இவர் வந்தால் அவரைத் தாண்டி உள்ளே வருவார். அக்காவோடு கதைப்பதில்லை.

"உந்த ஊதிற வேலையை நான் அப்பவே விடச்சொன்னனான்" என்றார் என்னிடம்.

"நீங்கள் சொன்னனீங்களோ? கடைக்குப் பிந்திப் போய் நிண்டு பாத்தனீங்கள்" என்றேன். திரும்பிப் போய்விட்டார். எனக்கு அப்போது யாரையாவது கடிக்கவேண்டும் போல் இருந்தது, கிட்ட நின்றவரைக் கடித்தேன்.

வாட்டு நாட்கள் எல்லாம் ஒரே நிறம். பெருவிரலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று அது பெட்டியில் காட்டும். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலைக் கறந்து கொடுக்க, மூக்குவழியாக வயிற்றுக்குப் போகிற மெல்லிய குழாயில் தாதி மிஸி துளித்துளியாக விடுவார். இன்னொரு குழாயை மூக்குக்குள் விட்டுச் சளியை உறிஞ்சுவார்கள். அந்த மிசின் கொர்கொர் என்று இழுக்கும், கவின் சத்தம் வராமல் அழுவான். குழாயில் வெள்ளையாக, தடிப்பாக வரும். ஒருநாள் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சாள் நான் வெளியே வந்ததும் சொன்னார்: "நான் ஊதி அனுப்பினதை அவை உறிஞ்சி எடுக்கினம்."

பக்கத்துக் கட்டிலில் குருநகரைச் சேர்ந்த டிலானி. இருபத்திரண்டு வயது வராது. அவளுடைய மகள் குறைமாதத்தில் பிறந்தவள், உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில் அடங்கிவிடுவாள். அவளுக்கும் இதே வருத்தம். தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான். இந்தப் பிள்ளை அதை வாங்காமலே வந்துவிட்டது. வெளிநாடுகளில் கர்ப்பிணிகளுக்கு இதற்கென்று ஊசி வந்திருக்கிறதாம். அதை நான் டிலானிக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

டிலானியின் புருசன் கடலுக்குப் போய்வந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வருவான், உப்பு மணத்தோடு. அவன் கொண்டு வருகிற சாப்பாட்டில் பாதியை அவள் எனக்குத் தருவாள். ஒரு மத்தியானம் சோற்றைக் குழைத்து வாயில் வைத்த பிறகுதான் மீன் என்று தெரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டோம்.

"ஐயோ அக்கா, நீங்கள் சைவமோ இண்டைக்கு? துப்புங்கோ, துப்புங்கோ" என்று பதறினாள்.

"விழுங்கியாச்சு. கடவுளும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு திண்டு பாத்தால் மன்னிப்பார்" என்றேன். அவள் செபமாலையைப் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாட்டில் நாங்கள் சிரித்தது அந்த ஒருதரம்தான்.

பார்வையாளர் நேரம் என்றால் எனக்குச் சத்துரு. பால்மாப் பெட்டி, பிஸ்கட், தோடம்பழம் என்று பைகளோடு சொந்தம் முழுக்க வரும். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருமிக்கொண்டு வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொடப் போவார்கள். "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்றால் முகம் கறுக்கும். "தடிமல் எண்டால் வெளியிலை நில்லுங்கோ" என்றால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும்.

அப்படி ஒரு பார்வையாளர் நேரத்தில்தான் கவின் மூச்சை நிறுத்தினான். நான் அவனுடைய காலடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சனத்தின் சத்தத்துக்குள் பெட்டி கத்தத் தொடங்கியது. இலக்கம் இறங்கியது. நெஞ்சு குழியவில்லை, குழியாமல் அமைதியாகக் கிடந்ததைக் கண்டு ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சுகமாகிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு உதட்டைப் பார்த்தேன், நாவற்பழ நிறம். மிகச் சிறு குழந்தைகள் மூச்சுக்காக இழுத்து இழுத்துக் களைத்து, சிலவேளை அப்படியே நிறுத்திவிடுமாம். மிஸி என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு உள்ளங்காலில் சுண்டினார், முதுகைத் தேய்த்தார், முகத்தில் மூடியை வைத்து ரப்பர் பையை அமத்தி அமத்திக் காற்றுக் கொடுத்தார். என் பிள்ளை சாகிறான் என்று நான் உரத்துச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. பெட்டியின் இலக்கம் திரும்ப ஏறியதும், அவனைத் தூக்கிக்கொண்டு அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியதும், நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடியதும் மட்டும் நினைவிருக்கிறது.

அங்கே தாயும் நினைத்தபடி உள்ளே போகமுடியாது. வெளியே கதிரைகள். நான், இவர், மச்சாள். டிலானியும் வந்து சேர்ந்தாள். அவளுடைய பிள்ளையையும் அன்றே உள்ளே எடுத்துவிட்டார்கள். யாழினி என்னைக் காணாமல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்க, இவருடைய சின்னம்மா அவளை அங்கே கூட்டிக்கொண்டு வந்தார். யாழினி என் மடியில் ஏறி இருந்ததுதான் தாமதம், சின்னம்மா தொடங்கினார்.

"எல்லாம் இவள் செய்த வேலை. முன்பள்ளியிலை இருந்து மூக்குச் சளியோடை வந்து தம்பியைக் கொஞ்சினவள். நீதானே தம்பிக்கு வருத்தம் குடுத்தனீ, என்னடி?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பிள்ளைகளோடு அப்படித்தான் கதைப்பார். யாழினி என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நானோ தம்பிக்குக் குடுத்தனான்? தம்பி செத்துப்போவானோ?"

கணக்குத் தெரிந்தவள் நான். முதலில் யாழினிக்கு, பிறகு மச்சாளுக்கு, பிறகு கவினுக்கு. அந்த வரிசை என் தலைக்குள் நின்றது.

மச்சாள் எழுந்து வந்தார். அத்தனை நாளும் யாருடைய முகத்தையும் பாராமல் இருந்தவர், யாழினியின் முன்னால் தரையில் குந்தி இருந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார்.

"இல்லை குஞ்சு. நீ குடுக்கேல்லை. மாமிதான் குடுத்தனான். மாமிக்குத் தடிமல் இருக்கேக்கை தம்பின்ரை மூக்கிலை ஊதினனான். நீ கண்டனீதானே? டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவ." பிறகு சின்னம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "சின்னம்மா, ஆரும் கேட்டால் மலர்தான் குடுத்தவள் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையின்ரை பேர் இனி ஒருத்தற்றை வாயிலும் வரக்குடாது. வந்தால் எனக்கு விசர் வரும்."

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. இவருக்கும் அது தெரியும். இவர் எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரத்தால் ஒரு தேத்தண்ணீர் வாங்கி வந்து அக்காவின் கையில் வைத்தார்.

அதன்பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் மச்சாள் தானாகவே சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். ஊரில் இன்றைக்கு அதுதான் கதை: தவமலர் ஊதித்தான் பிள்ளைக்கு வந்தது. நாங்கள் இருவரும் தனியே இருந்தபோது நான் சொன்னேன்: "உங்களுக்கே யாழினியிட்டை இருந்துதான் வந்திருக்கும் மச்சாள். கவினுக்கு ஆர் குடுத்தது எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. ஏன் எல்லாத்தையும் நீங்கள் தலையிலை போடுறியள்?"

"எனக்குத் தெரியாதோ பிள்ளை? அவளுக்கு நாலு வயசு. உவனுக்கு ஏதும் ஒண்டு நடந்துபோனால், அவள் உந்தக் கதையைச் சுமந்துகொண்டு எவ்வளவு காலம் சீவிக்கவேணும்? எனக்கு இனி என்ன. நான் சுமப்பன்" என்றார். பிறகு, "ஊதினது நான்தானே" என்றார்.

ஒட்சிசனைச் சூடாக்கி ஈரமாக்கி வேகமாக மூக்குக்குள் செலுத்துகிற மிசினில் கவின் கிடந்தான். ஒரு காலை டொக்டர் வந்து, "இலக்கம் நிக்குது" என்றார். மறுநாளும் நின்றது. விலாக்குழி குறைந்தது. மிசினின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பிறகு ஒரு விடியற்காலம் அவனைத் திரும்ப வாட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள். முலையைப் பிடித்து விடாமல் குடித்தான். குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். நான் அழுதேன்.

அதே காலையில்தான் டிலானியின் மகள் செத்தாள். நுரையீரல் களைத்த பிறகு இதயமும் களைத்துவிட்டது. டிலானியின் புருசன் கடலில் நின்றான். ஆட்கள் படகெடுத்துப் போய்த்தான் கூட்டி வந்தார்கள். வாட்டில் விட்டுப்போன துணிப்பையை எடுக்க டிலானி தனியே வந்தாள். கட்டிலை ஏற்கெனவே கழுவித் துடைத்துப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். பையை எடுத்தாள், செபமாலையை அதற்குள் போட்டாள், என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, தம்பி பால் குடிக்கத் தொடங்கீட்டானோ?"

கவின் அப்போது என் சேலைத் தலைப்புக்குள் குடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் பால் சுரந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அவளைத் தேடிக் குருநகருக்கு ஒருதரம் போகவேண்டும் என்று இருக்கிறேன். பிள்ளையைக் கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தோம். தடிமல் பிடித்தால் இனிக் கொஞ்சக் காலம் நெஞ்சு இழுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சில இரவுகளில் இழுக்கிறது. நான் எழுந்து சட்டையைத் திறந்து விலாவைப் பார்த்துவிட்டுப் படுப்பேன். மச்சாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே வட்டுக்கோட்டை பஸ் எடுத்துப் போய்விட்டார். வரவில்லை. லீவு இல்லை என்றார். பிறகு கடையில் கணக்குப் பார்க்கிறார்கள் என்றார். பிறகு தொலைபேசியை எடுக்காமல் விட்டார். நான்தான் பிள்ளைக்கு வார்த்தேன். என் கையில் வழுக்கினான், அழுதான். முகத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் சொல்லாமல் கொள்ளாமல் மோட்டார் சைக்கிளில் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். என்ன சொல்லிக் கூட்டி வந்தாரோ, எனக்குச் சொல்லவில்லை. மச்சாள் வாசலில் நின்று மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே, "எனக்கு ஒண்டுமில்லை, தடிமல் ஒண்டுமில்லை" என்று மூன்று நான்கு தரம் சொன்னார். யாழினி ஓடிப்போய் அவருடைய காலைக் கட்டிப்பிடித்தாள். நான் தண்ணீர் சூடாக்கிப் பலகைக்கட்டையைப் போட்டேன்.

சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினார். காலை நீட்டி இருந்தார். கவினைக் காலில் கிடத்தியதும் பழைய கை வந்துவிட்டது. எண்ணெய், கை, கால், உள்ளங்கையில் தடுத்த தண்ணீர். அவன் அழவில்லை. நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். துவாயைப் போர்த்தி எடுத்து, முகத்தை ஒற்றித் துடைத்தார்.

துவாய் முகத்தை விட்டு எடுபட்டது. கவின் கண்ணை இறுக்கி மூடினான். மூக்கைச் சுருக்கினான். மூச்சைப் பிடித்தான். நான் குளிக்க வார்த்த ஒருநாளும் அவன் அப்படிச் செய்ததில்லை. அந்தக் கையை அடையாளம் கண்டுவிட்டான்.

மச்சாளின் கை மாஸ்க்குக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. "விடு ராசா" என்றார், "மூச்சை விடு."

அவன் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டே கிடந்தான்.